ஆனதோத் நிலமும் ஆலங்குடித் தென்னையும்

புது வருஷ ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்கிற வழக்கம் நம் சபைகளில் நெடுநாளாக இருக்கிறது. தட்டில் எத்தனை வசனம் இருந்தாலும் வாலிபப் பிள்ளைகள் ஆசையாக எதிர்பார்ப்பது எரேமியா 29:11-ஐத்தான். தம் ஜனத்தின் எதிர்காலத்தைக் குறித்து ஆண்டவர் நல்லதையே மனதில் வைத்திருக்கிறார் என்று சொல்கிற வசனம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பைக் ஸ்டிக்கர், ஹால் டிக்கெட் வைத்த ஃபைலின் உள்பக்கம் என்று எங்கே பார்த்தாலும் அது கண்ணில் படும்.

ஆலங்குடி, அறந்தாங்கி, கந்தர்வகோட்டைப் பக்கம் வாலிபர் கூடுகைகளுக்குப் பேசப் போகிறவன் நான். மே, ஜூன் மாதங்களில் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வரும். "அண்ணே, அந்த வசனத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஜெபம் பண்ணுனேன். அப்புறம் ஏண்ணே கிடைக்கல?" ஒருத்தருக்கு நீட், ஒருத்தருக்கு டிஎன்பிஎஸ்சி, இன்னொருத்தருக்கு சிங்கப்பூர் விசா. கேள்வி ஒன்றுதான். தோளில் தட்டி "எல்லாம் நன்மைக்கே" என்று அனுப்பிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. கேட்கிற பிள்ளை உண்மையாகவே ஜெபித்திருக்கிறது, ராத்திரி கண்விழித்துப் படித்திருக்கிறது. அதனால் அந்த வசனத்துக்கே திரும்பிப் போவோம். அதைத் தனியாகக் கிழித்தெடுக்காமல், அது இருக்கிற கடிதத்தை முழுதாகப் படிப்போம்.

கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சர், கொல்லர்களையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். ஊர் போய், ஆலயம் போய், பாஷை தெரியாத தேசத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம்தான் 29-ஆம் அதிகாரம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் செய்து பிள்ளை பெறுங்கள், நீங்கள் இருக்கிற அந்த ஊரின் நலனுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது கடிதம். 10-ஆம் வசனத்தில் ஒரு கணக்கும் வருகிறது: எழுபது வருஷம். நாம் ஆசையோடு பிடித்துக்கொள்கிற வாக்குத்தத்தம் அதற்கு அடுத்த வசனம். கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்தபோது முப்பது வயது ஆகியிருந்த ஒருவர், அது நிறைவேறும்போது உயிரோடு இருந்திருப்பது அரிது. அவருக்கும் சேர்த்துத்தான் ஆண்டவர் அந்த வார்த்தையைக் கொடுத்தார்.

அதற்கு முந்தின அதிகாரத்தையும் படித்துப் பாருங்கள். அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், சிறைப்பட்டுப் போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்றான். எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தடியைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். ஜனங்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போனான். இரண்டு வருஷம் கழித்து ஒன்றும் நடக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், "இந்த வருஷம் உனக்கு கவர்மெண்ட் வேலை", "டாக்டர் சீட்டு உனக்குத்தான்" என்று மேடையில் நின்று பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சொல்கிற குரல்களை நான் கேட்டிருக்கிறேன். அது நடக்காமல் போனால் சொன்னவர் அடுத்த ஊர் கூட்டத்துக்குப் போய்விடுகிறார். தன் விசுவாசத்தில்தான் குறை இருக்கிறது என்று அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பது அந்தப் பிள்ளை. இது பெரிய அநியாயம். தேதி குறித்துப் பலன் சொல்கிறவரின் வார்த்தையை ஆண்டவருடைய வார்த்தை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வார்த்தை பொய்த்துப்போனால் ஆண்டவர் உங்களைக் கைவிட்டார் என்று அர்த்தம் ஆகாது.

அந்தப் பாபிலோனுக்கு வாலிபனாகக் கொண்டுபோகப்பட்டவன் தானியேல். கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் மூன்று வருஷம் படிக்க வைத்தார்கள். பெயரைக்கூட மாற்றினார்கள். அவன் எருசலேமில் என்னவாக வர ஆசைப்பட்டிருந்தானோ, வேதத்தில் அது எழுதப்படவில்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இங்கிலீஷ் வகுப்பில் முதல் நாள் வாயடைத்து உட்கார்ந்திருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அவனை நன்றாகவே புரியும். அவன் தன் அறையில் ஜெபமும் பண்ணினான், கொடுத்த பாடத்தையும் படித்தான். வயதான பிற்பாடு எரேமியாவின் எழுத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்த எழுபது வருஷத்தை எண்ணிப் பார்த்தான் என்று தானியேல் 9-ல் இருக்கிறது.

வாலிபர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது எரேமியா 32-ஆம் அதிகாரம். அது அட்டையில் வராது. அந்த 597 சிறையிருப்புக்குப் பத்தாண்டு கழித்து நடக்கிறது. பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. ஊருக்குள் பஞ்சம். எரேமியாவோ சிதேக்கியா ராஜாவின் காவல்சாலை முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அந்த நேரத்தில் பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடக்கே கூப்பிடு தூரத்து ஊர். அந்தப் பக்கமெல்லாம் எதிரிப் படை. இன்னும் கொஞ்ச நாளில் தேசமே பறிபோகும் என்று எரேமியாவே பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த நிலத்தை ஆண்டவர் வாங்கச் சொல்கிறார்.

எரேமியா என்ன செய்தார் தெரியுமா? 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிகளை வைத்தார். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் தன் உதவியாளர் பாருக்கிடம் கொடுத்து, வெகு நாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு ஜெபத்தில் தன் குழப்பத்தை ஆண்டவரிடம் கொட்டுகிறார்: ஊரே எதிரி கைக்குப் போகிறதே, இந்த நேரத்தில் நிலம் வாங்கச் சொல்கிறீரே! ஒன்றும் விளங்காமலேயே பணத்தைக் கட்டிவிட்டு, விளங்கவில்லை என்பதை ஒளிக்காமல் ஆண்டவரிடமே கேட்கிற இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எதிர்காலத்தை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பது என்று நாம் சொல்வது இதைத்தான் என்று நான் நம்புகிறேன். சந்தேகம் மனதில் இருக்கும்போதே ஆண்டவர் இன்றைக்குக் காட்டிய வேலையை ஒழுங்காகச் செய்து முடிப்பது.

அந்த நிலத்தில் எரேமியா ஒரு நாளாவது விதைத்ததாக வேதத்தில் இல்லை. எருசலேம் விழுந்த பிறகு அவரை எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் ஜாபிதா எஸ்றா 2-ல் இருக்கிறது. அதில் 23-ஆம் வசனத்தைப் பாருங்கள்: ஆனதோத் ஊரார் 128 பேர். திரும்பி வந்து அந்த மண்ணில் கால் வைத்தார்கள்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை நம்ம ஊர் நடப்போடு சேர்த்துச் சொன்னால் சட்டென்று ஏறுகிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை. கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி, டெல்டாவைக் கடந்து நம் பக்கம் வந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு என்று தென்னையும் வாழையும் பலாவும் நின்ற ஊர்களில் விடிந்தபோது வானம் மட்டும்தான் தெரிந்தது. நாற்பது வருஷத்து மரங்கள் வேரோடு சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வீட்டுக்குப் போகும் பாதை எது என்று தெரியவில்லை. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, அதனால் போர்வெல் மோட்டார் ஓடவில்லை. விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசு அறிவித்தது. வருஷா வருஷம் காய் கொடுத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைச் சுமந்த மரத்துக்கு அந்தப் பணம் எந்த மூலைக்கு?

எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பம் ஆலங்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. தோப்பு மொத்தமும் போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து ஜெபிப்பதற்காகப் போனோம். அந்த அப்பா குழி வெட்டிக்கொண்டிருந்தார். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். அடியில் மணலும் மக்கிய எருவும் போட்டு, வேப்பம் புண்ணாக்கு தூவி, பத்தாம் வகுப்பு படிக்கிற மகள் தென்னம்பிள்ளையைச் சாயாமல் பிடித்துக்கொள்ள, அவர் காலால் மண்ணை மிதித்து இறுக்கினார். வெயில் படாமல் இரண்டு பனை ஓலையைப் பக்கத்தில் ஊன்றினார். நெட்டை ரகம். காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அண்ணே, அதுவரைக்கும் என்ன பண்ணப்போறீங்க என்று கேட்டேன். "நட்டாத்தானே ஏழு வருஷம்? நடலைன்னா எத்தன வருஷம் ஆனாலும் ஒண்ணுமில்லையே" என்றார். அவர் பெரிய பிரசங்கி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்கிறவர்.

அந்த மகளின் கதையையும் கேளுங்கள். கரண்ட் இல்லாத வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்து 2019 மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். இந்த மார்க்கை வைத்து என்ன ஆகப்போகிறது என்று அலுப்பாகத்தான் படித்ததாகச் சொன்னாள். 2020-ல் கொரோனா. 2021-ல் பிளஸ் டூ பொதுத்தேர்வையே அரசு ரத்து செய்தது. மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று அந்த பேட்ச் பிள்ளைகளுக்கு மறக்காது: பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, உள் மதிப்பீட்டிலிருந்து 30. புயலுக்குப் பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்த படிப்பு பிளஸ் டூ மார்க்கில் பாதியாக வந்து நின்றது. 2019-ல் இதை யார் நினைத்திருப்பார்கள்?

அவள் ஆசைப்பட்டது மருத்துவம். அது கிடைக்கவில்லை. புதுக்கோட்டை அரசு மகளிர் கல்லூரியில் தாவரவியல் படித்தாள், பிறகு பி.எட். இப்போது டெட் தேர்வுக்குப் படிக்கிறாள். வேலை இன்னும் ஆகவில்லை. வேலை ஆகிவிட்டது என்று முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவள் காத்திருக்கிறாள், உங்களில் பல பேர் மாதிரியே. தோப்பில் இப்போதுதான் பாளை விட ஆரம்பித்திருக்கிறது.

"தேவ சித்தம் எதுன்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?" இதுவும் வழக்கமாக வருகிற கேள்விதான். எந்தக் குரூப், எந்தக் காலேஜ், வெளிநாடா உள்ளூரா என்று முழு வரைபடத்தையும் கையில் கொடுத்தால்தான் கிளம்புவேன் என்று சில பிள்ளைகள் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஐடா ஸ்கடரைப் பற்றிச் சொல்வேன். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். குடும்பமே மிஷனரி டாக்டர்கள். இவருக்கோ அந்த வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம். அமெரிக்காவில் படித்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று திண்டிவனம் வந்தார். பார்த்துக்கொண்டு திரும்பிப் போய்விடலாம் என்பதுதான் திட்டம். ஒரு ராத்திரி மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வலியில் தவிக்கிற மனைவியைக் காப்பாற்றச் சொல்லி வந்தார்கள். நான் டாக்டர் இல்லை, அப்பாவைக் கூட்டிப்போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடியும்போது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அந்த ராத்திரி அவருக்குக் கிடைத்த வெளிச்சம் ஒரே ஒரு அடிக்குத்தான்: மருத்துவம் படிக்க வேண்டும். 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 1900 ஜனவரியில் வேலூர் வந்தார். அனுபவமுள்ள அப்பாவோடு சேர்ந்து தொழில் பழகலாம் என்று நம்பித்தான் வந்தார். சில மாதத்தில் அப்பா இறந்துவிட்டார். இருபத்தொன்பது வயது, புதிய டாக்டர், தனி ஆள். ஆண்டவரே, இதற்குத்தானா கூப்பிட்டீர் என்று கேட்கத் தோன்றுகிற இடம் அது. பங்களாவில் ஒரு சின்ன அறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1902-ல் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்று நம் ஊரிலிருந்தும் ரயில் ஏறிப் போகிற வேலூர் சிஎம்சி. திண்டிவனத்தில் அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் 1918-ஐ யாரும் காட்டவில்லை. அடுத்த அடி மட்டும் தெரிந்தது, எடுத்து வைத்தார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தின் கடைசித் தேதியைத் தவறவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எரேமியா பத்திரத்தை இரண்டு பிரதி எடுத்தவர் என்பதை மறக்காதீர்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் பதிந்து வையுங்கள். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இதையெல்லாம் விசாரித்து வாங்குவது அவிசுவாசம் இல்லை. ஒரு பாடத்தில் போய்விட்டால் அதே வருஷம் துணைத் தேர்வு உண்டு, எழுதுங்கள்.

சபைப் பெரியவர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு விண்ணப்பம். ரிசல்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் யாரெல்லாம் எழுந்து நிற்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். 500-க்கு மேல் வாங்கின பிள்ளை, சீட்டுக் கிடைத்த பிள்ளை, விசா வந்த தம்பி. நல்லதுதான், ஸ்தோத்திரம் பண்ணுவோம். ஆனால் கிடைக்காத பிள்ளை அன்றைக்குச் சபைக்கே வருவதில்லை. வந்தாலும் ஐயர் ஆசீர்வாதம் கூறிய அடுத்த நிமிஷமே கிளம்பிவிடுகிறது, வாசலில் "மார்க் எவ்வளவுமா?" என்று யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று. காத்திருக்கிறவர்களுக்கும் சாட்சி உண்டு. கிடைக்கவில்லை, ஆனாலும் இந்த வருஷம் ஆண்டவர் என்னை விடவில்லை என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்ல நம் சபைகளில் இடம் வேண்டும். அதைக் கேட்டால் பக்கத்து பெஞ்சில் இருக்கிற பத்துப் பிள்ளைகளுக்கு மூச்சு வரும். சொந்தக்காரர் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதை வீட்டில் இன்றோடு நிறுத்துங்கள்.

தம்பி, தங்கச்சி, இதைப் படிக்கிற நேரத்தில் மனம் ரொம்ப உடைந்திருந்தால், வாழ்ந்து என்ன பயன் என்கிற அளவுக்கு எண்ணம் வந்தால், தனியாக உட்காராதீர்கள். அம்மாவிடமோ, ஐயரிடமோ, உங்களை மதிக்கிற ஒரு டீச்சரிடமோ உடனே போய்ச் சொல்லுங்கள். 14416 என்கிற டெலி மானஸ் எண்ணிலும், 104 எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. உதவி கேட்பதும் ஆண்டவர் கொடுத்த வழிதான்.

எரேமியா 29-ஐயும் 32-ஐயும் இந்த வாரம் உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள், வசனம் வசனமாகப் பிரிக்காமல். படித்து முடித்துவிட்டு, நாளைக்குச் செய்யவேண்டிய ஒரு வேலையை நோட்டில் எழுதி, அதற்காக ஜெபம் பண்ணிவிட்டு, காலையில் எழுந்ததும் முதலில் அதைச் செய்யுங்கள்.